தாய்வழிக் குடும்பக் கதையை எங்கே தேடுவது? திருமலைக்காரரிடம் (திருகோணமலை) ஒரு கேள்வி

உவர்மலை மகள்

வணக்கம். கனடாவில் இருக்கிற அண்ணாவின் பிள்ளைகள் எங்கள் குடும்பக் கதையை எழுதித் தரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். சரியென்று ஒரு கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். அப்பா பக்கம் கடகடவென்று வந்தது. அம்மா பக்கம் அம்மம்மாவின் பெயரோடு நின்றுவிட்டது.

காரணம் கடதாசிதான். உங்கள் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர், பிறந்த இடம், இனம். தாய்க்கும் அதே விபரம். அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கூடு. பூட்டனாருக்கும் ஒரு கூடு. பாட்டிக்குக் கூடு இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் பிரசை என்று காட்டத் தகப்பன், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பத்திரம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சேர்த்து வைத்திருக்கிறது.

எங்கள் அப்பாவின் பத்திரத்தில் பாட்டன் கூட்டில் ஒரு கோடு கீறியிருக்கிறார்கள். அப்பப்பா மலையாளக் கரையிலிருந்து 1930களில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி வேலைக்கு வந்து, பிறகு கடற்படை டொக்யார்டில் சேர்ந்தவர். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பதிவுப் பிரசை ஆனார். கலியாணமானவர் என்றால் 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன் தொடர்ந்து 7 வருசம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும், தனி ஆள் என்றால் 10 வருசம். அதற்காக அவர் சேர்த்த சம்பளத் துண்டுகள், துரைமார் கொடுத்த கடிதங்கள், வாடகைப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. அரசாங்கம் அவரைச் சந்தேகப்பட்டது, அதனால் அவருடைய வாழ்க்கை கடதாசியில் தங்கிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த அம்மம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவவைப் பற்றி ஒரு துண்டும் இல்லை.

தெரிந்தது இவ்வளவுதான். அம்மம்மாவின் தாய் தம்பலகாமம். அம்மப்பாவின் தாய் பாலையூற்றுப் பறங்கிக் குடும்பம் (போர்த்துக்கேய வழியினர்), கலியாணத்துக்குப் பிறகு பொட்டு வைத்துக் கோயிலுக்குப் போனவ என்று கேள்வி. வீட்டில் என்ன பாஷை கதைத்தா, யாரோடு கதைத்தா என்பதெல்லாம் இப்போது யாருக்கும் தெரியாது. எங்கே தேடுவது?

தம்பலகாமத்து மாஸ்டர்

பிள்ளை, பிறப்புப் பத்திரத்தை மூடி வையுங்கள். அம்மம்மாவின் வளவு உறுதியைத் தேடி எடுங்கள்.

நமது பகுதியில் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்பிலும் இதுதான், மூதூரிலும் கிண்ணியாவிலும் இதுதான். தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமும் இதில் குறைவு. ஆகவே சீதன உறுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று வழி தானாகவே ஏறும். பிறப்புப் பத்திரம் ஆணைப் பிடித்துக்கொண்டு போகிறது, காணி உறுதி பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது.

வாசிக்கிற முறை சொல்கிறேன். மேலே நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி இருக்கும். அடுத்துக் கொடுக்கிறவர், வாங்குகிறவர். அதற்குப் பிறகு, கொடுக்கிறவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று ஒரு நீண்ட வசனம் வரும். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப்போவது அந்த வசனத்தைத்தான். "எனது தாயாரின் சீதன வழியாக" என்கிற மாதிரி எழுதி, பழைய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் அங்கே சொல்லியிருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படி அதுதான். கடைசியில் நாலெல்லை. "கிழக்கு வாய்க்கால், தெற்கு இன்னாரின் பெண்சாதி இன்னாவின் வளவு" என்று வரும். பக்கத்து வளவுக்காரி அநேகமாகப் பெரியம்மாவோ சின்னம்மாவோதான். ஒரே வளவைத்தான் சகோதரிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

உறுதி கையில் இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவின் பிரதி, எடுக்கலாம். பதிவுப் பக்கம் நிரம்பினால் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள், முந்திய பக்கத்தின் இலக்கம் அதிலேயே இருக்கும். அதைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போக வேண்டியதுதான். பொறுமை வேண்டும், கொஞ்சக் காசும் வேண்டும்.

இன்னொன்று கோயில். தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலில் உங்களுடைய பூட்டியின் ஆட்கள் என்ன பணிக்கு உரியவர்கள் என்று விசாரியுங்கள். கோயில் ஊழியக்காரரைத் தானத்தார், வரிப்பத்தார் என்று பிரித்த ஒழுங்கு கோணேசர் கல்வெட்டிலேயே இருக்கிறது.

கடற்கரைக் காகம்

வந்துவிட்டது கல்வெட்டு! இனிக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தாராம் என்கிற குளக்கோட்டன் மன்னர் வருவார், கந்தளாய்க் குளம் வரும், "எங்கள் பரம்பரையை அவர்தான் கூட்டிவந்தார்" என்று எல்லாரும் வரிசையாக எழுதுவார்கள்.

மாஸ்டர், கோபிக்காதீர்கள். குடும்ப வரலாறு என்று தொடங்குகிற எதுவும் நம் ஊரில் சாதி விசாரணையாகத்தான் முடிகிறது. கோயிலில் என்ன பணி என்று விசாரியுங்கள் என்றால் அதன் அர்த்தம் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பறங்கிப் பூட்டி, மலையாளத்து அப்பப்பா என்று பெருமையாக எழுதலாம், கேட்கவும் வடிவாக இருக்கும். துணி வெளுத்த பூட்டன், பறை அடித்த பூட்டன் என்று ஒருவரும் இணையத்தில் எழுத நான் காணவில்லை.

தம்பலகாமத்து மாஸ்டர்

காகம் சொல்வதில் ஞாயம் உண்டு. கல்வெட்டு என்று பெயர் இருந்தாலும் அது கல்லில் வெட்டியதல்ல, ஏட்டில் எழுதியது. குளக்கோட்டன் காலத்துச் சாசனமும் அல்ல, எத்தனையோ காலத்துக்குப் பின் கவிராசவரோதயர் பாடியது. யார் என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்று கட்டளை வைத்த நூலைக் கொண்டு யாருடைய இரத்தம் யாருக்கு என்று நிறுவ முடியாது.

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் மலைக்கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டப் போன இடத்தில் விக்கிரகங்கள் கிடைத்தன, 1963இல் கும்பாபிசேகம். நடுவில் 300 வருசத்துக்கு மேல் மலையில் கோயிலே இல்லை. அப்படியிருக்க, அறாத தொடர்ச்சி என்று யாராவது சொன்னால் நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்பேன். எழுதும்போது "என்பது குடும்ப வழக்கு" என்று ஒரு வால் போட்டு எழுதிவிடலாம். நான் சொல்ல வந்தது திருவிழாக் கணக்குக் கொப்பிகளைப் பற்றி. எந்த உபயம் யாருடையது, யார் கைக்கு மாறியது என்று அவற்றில் இருக்கும்.

கிண்ணியா ராத்தா

மாஸ்டர் சொன்ன சீதன வளவு எங்களுக்கும் அப்படியே. எங்கள் தெருவில் ஒரு வரிசை வீடு முழுக்க உம்மா, சாச்சி, அவர்களுடைய மகள்மார்தான். ஆண்கள் எல்லாரும் வந்த மாப்பிள்ளைகள்.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் மூத்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவ, கைநாட்டு வைக்கிறவ. அவ மௌத்தான பிறகு பெட்டகத்தை ஒழுங்குபடுத்தும்போது அடியில் ஒரு கொப்பி கிடந்தது. மட்டையைச் சீலைத்துண்டால் போர்த்து, நூலால் தைத்திருந்தா. உள்ளே முழுக்க அரபு எழுத்து. ஓதுகிற துஆவாக்கும் என்று நினைத்து முத்தமிட்டு உயரத்தில் வைத்துவிட்டோம்.

பிறகு ஊரில் ஒரு வயதான ஆலிம் வீட்டுக்கு வந்தபோது வாப்பா எடுத்துக் காட்டினார். அவர் இரண்டு வரி வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அது அரபு அல்ல, தமிழ். அரபுத்தமிழ் என்று முந்திய காலத்தில் நம் ஆட்கள் எழுதியது. தமிழுக்கு வேண்டிய, அரபில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்துச் செய்துகொண்டார்கள். குர்ஆன் ஓதப் பழகிய பெண்பிள்ளைக்கு அந்த எழுத்து கையில் இருந்தது, அதாலேயே எழுதிக்கொண்டா.

என்ன எழுதியிருந்தா என்று கேட்கிறீர்களா? கடன் கொடுத்த நெல், மரைக்கால் கணக்கில். ஆலங்கேணியிலிருந்து தயிர் கொண்டுவருகிற மனுசிக்குக் கொடுக்க வேண்டிய காசு. காய்ச்சலுக்குக் குடிநீர் வைக்கிற விதம். அப்புறம், பிள்ளைகள் பிறந்த விபரம், "வெள்ளி, சுபஹுக்குப் பின், ஆண். மருத்துவிச்சிக்குச் சீலை ஒன்று" என்று. நாங்கள் கேள்விப்படாத பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பிறந்து, பெயர் வைத்து, நாற்பது முடியாமல் போனவர்கள். வாப்பாவுக்குத் தனக்கு மூத்த ஒரு ராத்தா இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

இந்த எழுத்தை வாசிக்கிறவர்கள் ஊரில் அருகிவிட்டார்கள். கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வீட்டில் "ஓதல் கொப்பி" என்று மேலே வைத்திருப்பதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

உவர்மலை மகள்

ராத்தா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கட அம்மாவும் கரிக்கோடு போட்டுக் கணக்கு வச்சிருந்தவ, சுவருக்கு வெள்ளை அடிக்கேக்க போயிட்டுது" என்றார்.

பாலையூற்றுக்காரர் யாராவது இருக்கிறீர்களா?

பாலையூற்றான்

இருக்கிறேன். பெயரைப் பார்த்தால் லிஸ்பனில் பிறந்தவன் என்று நினைப்பீர்கள், வாயைத் திறந்தால் திருமலைத் தமிழ்தான்.

எங்கள் அம்மம்மா காலம் வரைக்கும் வீட்டில் பறங்கிப் பாஷை இருந்தது. கிழவிகள் இரண்டு பேர் சந்தித்தால் அது வரும். பிள்ளைகளுக்கு விளங்கக் கூடாத விசயம் என்றால் அது வரும். கோபம் வந்தால் கட்டாயம் வரும். எங்களோடு தமிழ்தான். சந்தைக்குத் தமிழ், பள்ளிக்கூடத்துக்குத் தமிழ், கோயிலில் முதலில் லத்தீன், பிறகு தமிழ். ஆகவே எனக்கு அந்தப் பாஷையில் ஏச மட்டும்தான் தெரியும். அதுவும் நல்லாகத் தெரியும்.

கலியாண வீடுகளில்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கப்ரிஞ்ஞா என்கிற எங்கள் ஆட்ட இசையை வாசித்தால் வயதான ஆட்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். வயலின் வாசிக்கிறவர் வந்தால்தான் சோக்கு, இப்போது கீபோர்ட்டை வைத்துச் சமாளிக்கிறார்கள். சில வருசங்களுக்கு முன் லிஸ்பனிலிருந்து மொழியியல் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக்கும் இங்கேயும் வந்து முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்தார்கள். அவர்கள் வந்து கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது ஒரு பாஷை என்று பட்டது.

தங்கச்சி, உங்களுடைய பூட்டிக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். அதில் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர் எல்லாம் இருக்கும். ஞானத்தாய் அநேகமாகத் தாயின் சகோதரியோ மச்சாளோதான். அங்கேயிருந்து ஒரு கிளை பிடிக்கலாம்.

குச்சவெளி

உறுதி, கொப்பி, கோயில் பதிவு. எல்லாம் இருக்கிறவர்களுக்குச் சரி.

நாங்கள் 1990இல் படகில் இந்தியாவுக்குப் போனவர்கள். அம்மா எடுத்தது காணி உறுதி மட்டும். பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். கலியாணப் படம் சுவரிலேயே நின்றுவிட்டது. மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு வேறு முகாம். தம்பி தங்கச்சிகள் அங்கே பிறந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் "சிலோன் பாஷை" என்று சிரித்ததால் வெளியே ஒரு தமிழ், கொட்டிலுக்குள்ளே ஒரு தமிழ் என்று பழகிவிட்டார்கள். திரும்பி வந்தால் இங்கே "இந்தியாக்காரர்" என்கிறார்கள். என் தங்கச்சி இன்றைக்கும் ஆட்டோ என்றுதான் சொல்லுவாள், இங்கே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஓட்டோ என்று சொல்லச் சொல்லி. அவளுக்கு அது விளையாட்டு. எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும்.

அங்கே பிறந்த பிள்ளைகளை இங்கே பதிய நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு. தாயின் தாய் யார் என்று எந்த மேசையிலும் கேட்கவில்லை, இந்தக் கேள்வியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த உறுதியால்தான் காணியில் திரும்பக் குந்தினோம். அதில் இருப்பது அம்மாவின் பெயர், மேலே அம்மம்மாவின் பெயர். மாஸ்டர் சொன்ன வசனத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன்.

கொட்டியாரத்துக் காற்று

ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஆட்கள் கரையோர வேடர். கதைப்பது தமிழ், பத்திரத்தில் இனம் இலங்கைத் தமிழர், சடங்கில் கூப்பிடுகிற தெய்வம் வேறு. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கும் போவோம். இதில் எது "உண்மையான" அடையாளம் என்று ஆராய வருகிறவர்கள் கேட்கிறார்கள். எங்கள் அம்மாச்சிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று திருப்பிக் கேட்டா.

ஸ்காபரோத் திருமலையான்

நான் காசைக் கட்டி எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்தவன். தெற்காசியர் என்று முடிவு வந்தது. அதைத்தான் கண்ணாடியே சொல்கிறதே! காசை மிச்சம் பிடியுங்கள்.

உருப்படியாகச் செய்தது, அம்மாவைக் கதைக்க வைத்துத் தொலைபேசியில் பதிவு செய்தது. முதலில் "அம்மா, எங்கள் பரம்பரையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று தொடங்கினேன். அவ சீலையைச் சரிசெய்துகொண்டு, வானொலிக்குப் பேட்டி கொடுக்கிற மாதிரி "எமது குடும்பமானது" என்று ஆரம்பித்துவிட்டா. ஒன்றும் தேறவில்லை. அப்புறம் அவ சூடைமீன் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது, "உங்களுக்கு இதைப் பழக்கினது ஆர்?" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு முழுக்கக் கதை. பெரிய கேள்வி கேட்காதீர்கள். பிள்ளைப்பேறு யார் பார்த்தது, கலியாண வீட்டில் யார் சமைத்தது, யார் யாரோடு கதைக்காமல் இருந்தது, இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒருநாள் முழுக்க ஒதுக்குங்கள்.

தம்பலகாமத்து மாஸ்டர்

நல்ல யோசனை. கூடவே, வருசத்தைக் கேட்காதீர்கள். பழைய ஆட்களுக்கு வருசம் தெரியாது, சம்பவம் தெரியும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

யப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரில் 9, வியாழக்கிழமை காலை. அன்றைக்குத் துறைமுகத்தைச் சுற்றி இருந்த சனம் உள்ளூர்களுக்கு ஓடியது, ஆகவே எல்லாக் குடும்பத்திலும் அதற்கு ஒரு கதை இருக்கும். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957 ஒக்டோபர். டொக்யார்ட் வேலை போனவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். 1958 கலவரம். கோணேசர் கும்பாபிசேகம் 1963. பெரும்புயல் 1964 டிசம்பர், நத்தாருக்கு முன். இந்த ஐந்தையும் வைத்து, "அப்போது கலியாணம் முடிந்துவிட்டதா? மூத்த பிள்ளை நடந்ததா, கையிலா?" என்று கேட்டால் பிறந்த வருசம் ஒன்றிரண்டு பிசகோடு வந்துவிடும்.

உவர்மலை மகள்

மாஸ்டர், ஸ்காபரோ அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவின் தமக்கையிடம் போனேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கில்லாடி. முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு குந்தினேன்.

"யப்பான்காரன் குண்டு போடேக்க நீங்க எங்க பெரியம்மா?"

"நான் அம்மாட வயித்தில. அம்மாவை மாட்டு வண்டிலில ஏத்தித் தம்பலகாமத்துக்கு அனுப்பினவங்க. அப்பம்மா வரமாட்டன் எண்டுட்டா. கோழி அடைக்கு வச்சிருக்கு, விட்டுட்டு வரேலாது எண்டவவாம்."

அப்பம்மா என்றது அந்தப் பாலையூற்றுப் பூட்டியைத்தான். சனம் எல்லாம் ஓடிவிட்டது, அவ மேசைக்குக் கீழே இருந்துகொண்டு சத்தமாகச் செபம் சொல்லியிருக்கிறா. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரும் ஓடவில்லை, அவர்தான் பிறகு வந்து சொன்னாராம், "உன்ர மாமி தமிழில கும்பிடேல்லயடி, அந்தப் பாஷையிலதான் கும்பிட்டவ" என்று. அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் அவவின் வாயில் அந்தப் பாஷையைக் கேட்டதில்லையாம். பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, மகன் வீட்டில் தமிழ் மட்டும் கதைத்த மனுசி. இதைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா, "பாவம், கதைக்க ஆளில்லாமல் இருந்திருப்பா" என்றார். இலை ஆய்கிற கை நிற்கவில்லை.

அப்பப்பாவைப் பற்றியும் கேட்டேன். அவர் காசு எண்ணும்போது மட்டும் மலையாளத்தில் எண்ணுவாராம். சம்பந்தி வீட்டார் முன்னால் எண்ணினால் உதடு மட்டும் அசையுமாம்.

அலுமாரியில் அம்மம்மாவின் சீதன உறுதியும் இருந்தது. ஓரம் கறையான் தின்றிருக்கிறது, நடு நல்லாக இருக்கிறது. அதில் தெற்கு எல்லையில் ஒரு பெண்ணின் பெயர். அம்மம்மாவின் அக்கா. அம்மாவுக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே தெரியாது. பெரியம்மாவிடம் கேட்டேன். "அவவைப் பற்றிக் கதைக்கிறேல்ல" என்று சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். விட்டுவிடவில்லை, பின்னேரம் தேத்தண்ணியோடு திரும்பக் கேட்டேன். யாரோடோ போனவவாம். "ஆரோட?" என்றால், "எங்கட ஆக்களில்லை". அவ்வளவுதான்.

இதை எழுதுவதா, விடுவதா? காகத்திடம்தான் கேட்கிறேன், நீங்கள்தான் முதலிலேயே எச்சரித்தீர்கள்.

கடற்கரைக் காகம்

எழுதுங்கள்.

யாரோடு போனா, அவன் என்ன சாதி என்று தோண்ட வேண்டாம், அது தெரிந்து அண்ணாவின் பிள்ளைகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பெயரை எழுதுங்கள். உறுதியில் எப்படி இருக்கிறதோ அப்படி, தகப்பன் பெயரோடு, வளவின் பெயரோடு. அவவுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவவின் பேரப்பிள்ளை ஒன்று எங்கேயோ இருந்துகொண்டு "எங்கள் அம்மம்மா தம்பலகாமத்தில் யாருடைய பிள்ளை, ஏன் அவவுக்கு ஆட்களே இல்லை" என்று தேடிக்கொண்டிருக்கும். எல்லாக் குடும்பமும் தங்கள் கொப்பியிலிருந்து ஒரு பெயரை வெட்டினால் அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடுவது? என் பக்கம் அப்படித்தான் நடந்தது. மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.

தம்பலகாமத்து மாஸ்டர்

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன், காரணத்தையும் எழுத வேண்டும். நாம் ஒளித்தால் வரலாறு வெறும் புகழ்ச்சியாகிவிடும். ஆனால் பெரியம்மா உயிரோடு இருக்கிறார், அவர் எழும்பிப் போனதும் ஒரு பதில்தான். அவருக்குத் தெரியாமல் பொது இடத்தில் போட வேண்டாம்.

வேறொன்று. ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திராப் பௌர்ணமி தாய்க்கு. தர்ப்பணம் பண்ணும்போது ஐயர் தாய், பாட்டி, பூட்டி என்று மூன்று தலைமுறைப் பெயரும் கேட்பார். ஆண்பிள்ளைகள் அதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். உங்கள் மாமாமார் யாராவது இருந்தால் அந்தத் துண்டைக் கேளுங்கள். பழைய ஆட்கள் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டி என்கிற இறந்தோர் கிரியை செய்த வீடுகளிலும் இந்தப் பெயர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

கிண்ணியா ராத்தா

நான் காகத்தின் பக்கம். மூத்தம்மா நாற்பது நாள் இருந்த பிள்ளையைக் கூட எழுதி வைத்திருக்கிறாவே.

உவர்மலை மகள்

சரி. பெயரும் வளவும் எழுதுகிறேன், காரணத்துக்கு ஒரு வரி இடம் விட்டு வைக்கிறேன். பெரியம்மா சொல்ல விரும்பினால் அவரே சொல்லட்டும். மாமாவிடம் துண்டைப் பற்றிக் கேட்டாயிற்று, தேடுகிறார்.

பாலையூற்று அண்ணா, ஞானஸ்நானப் பதிவுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? எங்களிடம் இருப்பது அவவின் கலியாணத்துக்குப் பிந்திய பெயர் மட்டும்தான்.

பாலையூற்றான்

அந்தப் பெயரைச் சொன்னால் கிடைக்காது தங்கச்சி, அது மாமியார் வீட்டில் வைத்த பெயராக இருக்கும். முதலில் வருசத்தைக் கணியுங்கள். உங்கள் அம்மப்பா எப்போது பிறந்தார் என்று பார்த்து, அதிலிருந்து இருபது தொடக்கம் முப்பது வருசம் பின்னால் போங்கள், அந்தப் பத்து வருசப் பதிவைத்தான் புரட்ட வேண்டும். பிறகு, மகனோடு கோயிலுக்குப் போகாமல் தனியாக எந்தப் புனிதரின் திருநாளுக்கு அவ மெழுகுதிரி கொளுத்துவா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். அநேகமாக அந்தப் புனிதரின் பெயர்தான் அவவின் ஞானஸ்நானப் பெயர். குடும்பப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாலையூற்றில் இருக்கிறதே ஒரு கைப்பிடிக் குடும்பப் பெயர்கள்தான். ஞாயிறு பூசைக்குப் பிறகு போக வேண்டாம், அன்றைக்குச் சுவாமிக்கு நேரம் கிடையாது. கிழமை நாளில், காலையில் போங்கள். நானும் வருகிறேன், என் அம்மம்மாவின் வரியும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்க வேண்டும்.